பதினான்கு ஐயர்மார் அழைக்கப்பட்ட கதை

எங்கள் சபைக்கு மேலே பேராயர் என்று யாரும் கிடையாது. மற்ற சபைக்காரர்களுக்கு ஐயரை மாற்றி அனுப்ப ஓர் ஆபீஸ் இருக்கிறது. வந்த ஐயர் பிடிக்கவில்லை என்றால் மொட்டைக் கடிதாசி போடுவதற்கும் அதே ஆபீஸ்தான். எங்களுக்கு மேலே கர்த்தர் ஒருவர்தான். அவருக்கு மொட்டைக் கடிதாசி போட முடியாது. ஆகையால் ஓர் ஐயர் ஓய்வு பெற்றால் அடுத்த ஐயரை நாங்களேதான் கண்டுபிடித்தாக வேண்டும். போதகரை எங்கள் பக்கம் ஐயர் என்றுதான் சொல்வோம். வெளியூர்க்காரர்கள் குழம்ப வேண்டாம்.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில், மேலகரத்தில் இருக்கிறது எங்கள் பெரோயா சுயாதீன சபை. மொத்தம் நாற்பத்திரண்டு குடும்பம். நான் பாடகர் குழுவில் கனத்த குரலுக்கு நிற்கிறவன். சபைக் கோயிலுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறவன். கமிட்டி அனுப்புகிற கடிதம், கமிட்டிக்கு வருகிற கடிதம், தீர்மானம் எல்லாம் என் கடையில்தான் டைப் ஆகும். ஆகையால் நான் சொல்வதில் கூட்டல் குறைச்சல் இருக்காது. எழுத்துப்பிழை வேண்டுமானால் இருக்கும்.

பழைய ஐயர் மே மாதக் கடைசியில் ஓய்வு பெற்று நாகர்கோவிலில் மகளோடு போய் இருந்துகொண்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஏழு பேர் கொண்ட ஒரு குழு அமைத்தார்கள். ஐயர் தேடும் குழு என்று பெயர் வைத்திருந்தால் எல்லோருக்கும் புரிந்திருக்கும். வைத்த பெயர், அழைப்பு உறுதிப்பாட்டுக் குழு. அதற்குத் தலைவர் ஆசீர் தங்கையா அண்ணாச்சி, ஓய்வு பெற்ற துணைத் தாசில்தார். அன்றைக்கு ஆராதனை முடிவில் அவர் எழுந்து ஓர் உரை ஆற்றினார்.

"அன்பான சபையாரே, நாம் ஐயரைத் தேடப்போவதில்லை. தேடுவது மனுஷருடைய வேலை. கர்த்தர் ஏற்கெனவே ஒருவரை நியமித்துவிட்டார். அவர் யார் என்பதை நாங்கள் ஏழு பேர் கூடி, மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மையோடு முடிவுசெய்து, கர்த்தருக்குத் தெரிவிப்போம்."

எல்லோரும் ஆமென் சொன்னோம். நானும்தான் சொன்னேன்.

கர்த்தருடைய சித்தத்தை எப்படி அறிவது என்பதற்குக் குழுவின் செயலாளர் மனோன்மணி டீச்சர் ஒரு வழி வைத்திருந்தார். எங்கள் சபைகளில் வருஷப் பிறப்பு ஆராதனையில் ஆளுக்கு ஒரு வாக்குத்தத்த அட்டை எடுப்போம். அட்டையில் ஒரு வசனம் அச்சடித்திருக்கும். அந்த வருஷம் முழுக்க அதுதான் நமக்கு ஆண்டவர் கொடுத்த வாக்கு. அப்படி எடுத்தது போக மிஞ்சின அட்டைகள் ஒரு பிஸ்கட் டின் நிறைய டீச்சர் வீட்டில் இருந்தன. வருகிற ஒவ்வொரு ஐயரும் பிரசங்கம் செய்து முடித்ததும், அவர் பெயரைச் சொல்லி ஜெபித்து, கண்ணை மூடிக்கொண்டு டீச்சர் ஓர் அட்டை எடுப்பார். அட்டை வசனம் சாதகமாக இருந்தால் அழைப்பு உறுதி. இது ஏகமனதாக நிறைவேறியது.

சபைகளுக்கான மாத இதழ் ஒன்றில் விளம்பரம் கொடுத்தோம். பதினோரு வருஷத்துக்கு முன்னால் பழைய ஐயருக்காக இதே இதழில் விளம்பரம் கொடுத்தபோது வந்தது இரண்டே மனு. அது மாசி மாதம். இந்தத் தடவை விளம்பரம் வெளியானது ஜூன் முதல் வாரம். குற்றாலத்தில் சாரல் கட்டி, மெயின் அருவியில் தண்ணீர் விழுகிற படம் எல்லோருடைய செல்போனிலும் வந்துவிட்டது. பத்தே நாளில் நாற்பத்து மூன்று மனு. சென்னை, கோயம்புத்தூர், ஓசூர், பெங்களூர். வேலூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர், வெயிலில் உட்கார்ந்து ஜெபிக்கும்போது திடீரென்று குளிர்ந்த காற்று வீசியதாகவும், அந்தக் காற்றில் 'தென்காசி' என்று ஒரு சத்தம் கேட்டதாகவும் எழுதியிருந்தார். இன்னொருவர் மலைகளைப் பார்த்துக் கண்ணை உயர்த்தும் சங்கீதத்தை முழுவதுமாக எழுதி, கீழே, ஐயர் குடியிருக்கிற குருமனையில் எத்தனை அறை, வேன் நிறுத்த இடம் இருக்கிறதா என்று கேட்டிருந்தார். எல்லா மனுவிலும் பொதுவாக ஒன்று இருந்தது. ஆகஸ்ட் கடைசிக்குள் வரச்சொல்லி ஆவியானவர் ஏவுகிறார் என்றார்கள்.

தங்கையா அண்ணாச்சி என் கடையில் நின்றே கண்ணைத் துடைத்துக்கொண்டார். இவ்வளவு பேருக்கு ஒரே நேரத்தில் ஒரே ஊரைக் கர்த்தர் காட்டினதாக அவர் சர்வீஸில் பார்த்ததில்லையாம்.

இந்தக் கதையில் பாடுபட்டவர் பிச்சைமணி. எங்கள் கோயிலில் மணி அடிக்கிறவர், பெருக்குகிறவர், பெஞ்சு துடைக்கிறவர் எல்லாம் அவர்தான். அந்த வேலைக்குக் கோயில்குட்டி என்று பெயர். பிச்சைமணிக்கு ஐம்பத்தாறு வயது. கோயிலில் இன்னும் குட்டிதான். வருகிற ஐயர்மாரைக் குருமனையில் தங்க வைத்துக் கவனிக்கிற பொறுப்பும் அவர் தலையில் விழுந்தது. சமையல் அவர் மனைவி சொர்ணம்.

வெள்ளிக்கிழமை வந்து, சனிக்கிழமை தனித்திருந்து ஜெபித்து, ஞாயிற்றுக்கிழமை பிரசங்கித்துவிட்டுப் போவது என்று ஏற்பாடு. ஐயர் ஒருவருக்குத்தான் கடிதம் போட்டோம். முதலில் வந்த கோயம்புத்தூர் ஐயர் வேனில் பதினோரு பேரோடு இறங்கினார். மனைவி, பிள்ளைகள், மனைவியின் அக்கா குடும்பம், பக்கத்து வீட்டுக்காரர்கள். வீட்டாருக்கும் அழைப்பு உறுதிப்பட வேண்டும் அல்லவா என்றார். சனிக்கிழமை தனித்து ஜெபிப்பதற்கு அவர் தேர்ந்தெடுத்த இடம் ஐந்தருவி. எண்ணெய் தேய்த்து, குளித்து, ரம்புட்டான் வாங்கி, பார்டர் கடையில் பரோட்டா சாப்பிட்டு, அவர் ஜெபம் முடிந்து வரும்போது சாயங்காலம் ஆறு மணி. குருமனைக் கொடியில் பன்னிரண்டு துண்டு காய்ந்தது. காய்ந்தது என்று சொல்வதுகூடத் தப்பு. அந்தச் சாரலில் எது காய்கிறது?

ஞாயிற்றுக்கிழமை டீச்சர் அட்டை எடுத்தார். 'நான் உன்னோடிருப்பேன்' என்கிற அர்த்தத்தில் ஒரு வசனம். அழைப்பு உறுதி என்று தீர்மானம் எழுதினார்கள். முதல் ஆளே உறுதியாகிவிட்டார், வேலை முடிந்தது என்று நான் நினைத்தேன். ஆனால் குழு பொறுக்கியெடுத்த மற்றவர்களுக்கும் கடிதம் போயிருந்தது. கர்த்தர் காட்டுகிறவர்களைப் பார்க்காமலே திருப்பி அனுப்ப நமக்கு என்ன அதிகாரம் என்று தங்கையா அண்ணாச்சி கேட்டார். அப்படியே அடுத்த வாரம் ஓசூர் ஐயர் வந்தார். அட்டை எடுத்தார்கள். உறுதி. அதற்கடுத்தவர். உறுதி. சில வாரம் காலையில் ஒருவர், மாலையில் ஒருவர்.

பிரசங்கம் எல்லாம் தண்ணீர் மேலேதான். ஒருவர் பெதஸ்தா குளம், ஒருவர் யோர்தான் நதி. குஷ்டம் தீர நாகமான் ஏழு தரம் முங்கி எழுந்ததைப் பற்றி ஓர் ஐயர் அருமையாகப் பேசினார். அவரே முந்தின நாள் மெயின் அருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் எல்லாம் சேர்த்து ஏழு தரம் முடித்திருந்தார், கணக்காக எண்ணியதாகப் பிச்சைமணி சொன்னார். இன்னொருவருக்குக் குளித்ததில் தொண்டை கட்டிக்கொண்டு பிரசங்கம் ஏழே நிமிஷத்தில் முடிந்தது. சபையார் அத்தனை பேரும் இவரையே வைத்துக்கொள்ளலாமே என்று கேட்டார்கள். குழு சம்மதிக்கவில்லை.

ஒருவருக்கு மட்டும் அட்டை எடுக்க முடியாமல் போயிற்று. பெங்களூர்க்காரர். அவர் வந்த வெள்ளிக்கிழமை மலையில் கனத்த மழை. வெள்ளம் என்று போலீஸ் எல்லா அருவியிலும் குளிக்கத் தடை போட்டுவிட்டது. சனிக்கிழமை காலையில் தடை நீங்கியதா என்று மூன்று தரம் பிச்சைமணியை அனுப்பி விசாரித்தார். நீங்கவில்லை. மத்தியானம் பெட்டியைக் கட்டிவிட்டு, "கர்த்தர் கதவை அடைத்துவிட்டார்" என்று சொல்லிக் கிளம்பினார். இவ்வளவு வெளிப்படையாகத் தேவசித்தத்தை அறிந்தவர் அந்த வரிசையில் அவர் ஒருவர்தான்.

இதற்கிடையில் ஜூலை மாதம் பிச்சைமணியின் மகள் அபிக்குச் சம்பந்தம் கூடிவந்தது. அபி தென்காசியில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மாப்பிள்ளை சிவகிரி, பெயர் முத்துச்செல்வம், பட்டாளத்தில் இருக்கிறான். ஆகஸ்ட் கடைசியில் லீவில் வந்து செப்டம்பர் இருபதாம் தேதி திரும்ப வேண்டும். அதை விட்டால் அடுத்த நீண்ட லீவு பதினான்கு மாதம் கழித்துத்தான். செப்டம்பர் பதினொன்று, வியாழக்கிழமை, எங்கள் கோயிலில் கல்யாணம் என்று நிச்சயம் பண்ணினார்கள்.

பிச்சைமணி குழுவிடம் போய்ச் சொன்னார். தங்கையா அண்ணாச்சி உடனே எழுந்து நின்று, கோயில்குட்டியாக இருபத்திரண்டு வருஷம் உழைத்தவருக்குச் சபை செய்கிற மரியாதையாக, புதிய ஐயரின் முதல் ஊழியம் இந்தத் திருமணமாகவே இருக்கும் என்று அறிவித்தார். கைதட்டினார்கள். தீர்மானத்தை நான்தான் டைப் செய்தேன். பிச்சைமணி ஒரு பிரதி கேட்டு வாங்கி, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அவ்வளவு சந்தோஷமாக அந்த மனிதரை நான் பார்த்ததில்லை.

கல்யாணப் பத்திரிகையும் என் கடையில்தான் தயாரானது. திருமணத்தை நடத்தி வைப்பவர், அருள்திரு என்று போட்டு, அதற்கப்பால் பெயர் இல்லாமல் புள்ளி புள்ளியாக விட்டோம். ஐயர் முடிவானதும் பேனாவால் எழுதிக்கொள்ளலாம் என்றார் பிச்சைமணி. சிவகிரியில் மாப்பிள்ளையின் தாயார் அதைப் பார்த்துவிட்டு, அச்சகத்தில் மை தீர்ந்துபோயிற்றா என்று கேட்டாராம்.

அன்றிலிருந்து வருகிற ஒவ்வோர் ஐயரிடமும், துண்டை வாங்கிக் கொடியில் போடும்போதே பிச்சைமணி ஒரு கேள்வி கேட்பார். செப்டம்பர் பதினொண்ணாம் தேதி இங்கன இருப்பியளா ஐயா? அவர்களும் தவறாமல், கர்த்தருக்குச் சித்தமானால் என்பார்கள். மனுஷன் அதை நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சொர்ணத்திடம், இவருதான் என்பார். இப்படி எட்டுப் பேரை அவர் தன் மகள் கல்யாணத்துக்கு ஐயராகத் தீர்மானித்திருந்தார். ஒவ்வொருவருக்கும் கோழிக்குழம்பு வைத்த சொர்ணம்தான் ஒருநாள் சலித்துப்போய், இவருதான்னு அடுத்தவரு வந்து போனப்புறம் சொல்லுங்க என்றாள்.

ஆகஸ்ட் முப்பதாம் தேதி குழு கூடியது. உறுதிப்பட்ட அழைப்புகள் மொத்தம் பதினான்கு. ஒரே நாற்காலிக்குப் பதினான்கு பேரைக் கர்த்தர் அழைத்திருக்கிறார் என்பதை ஏழு பேரும் தீர்மானப் புத்தகத்தில் இரண்டு தரம் எண்ணிப் பார்த்தார்கள். டீ கொண்டுபோன பிச்சைமணிக்கு அங்கேதான் வாய் சும்மா இருக்கவில்லை. அந்த டின்னை ஒருதரம் தரையில் கொட்டி மறுபடி அடுக்கினவர் அவர்தான்.

"டீச்சர், ஒரு சந்தேகம். அந்த டின்னுக்குள்ள, வேண்டாம்னு சொல்லுத மாதிரி ஒரு அட்டையாவது உண்டா?"

மனோன்மணி டீச்சர் கோபப்படவில்லை. பாவம், அவருக்கு இது புதிய யோசனை.

"அதெப்படி இருக்கும்? அது வாக்குத்தத்தம்லா. கெட்ட வசனத்த அச்சடிச்சா வருஷப் பொறப்பன்னிக்கு யாரு கையில வாங்குவா?"

தங்கையா அண்ணாச்சி தொண்டையைக் கனைத்தார். வாக்குத்தத்தத்தைச் சந்தேகிப்பது வாக்குக் கொடுத்தவரையே சந்தேகிப்பதாகும் என்றார். டீச்சருடைய பதிலையும் பிச்சைமணியுடைய கேள்வியையும் நடவடிக்கைக் குறிப்பில் சேர்க்க வேண்டாம் என்று முடிவானது. பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பதினான்கு பேருக்கும், அழைப்பு உறுதியாகிவிட்டது, வாருங்கள் என்று ஒரே நாளில் கடிதம் போடுவது. முதலில் எவர் வந்து சேர்கிறாரோ அவரே கர்த்தரால் நியமிக்கப்பட்டவர். பதினான்கு கடிதமும் அன்றைக்கே என் கடையிலிருந்து மெயிலில் போயிற்று.

செப்டம்பர் முதல் வாரம் சாரல் நின்றது. காற்று நின்றது. ஐந்தருவியில் இரண்டு அருவி பாறையாகிவிட்டது. மீதி மூன்றில் ஆள் நின்றால் தலை நனையும், தோள் நனையாது. ரோட்டில் துண்டு விற்கிறவர்கள் கடையை எடுத்துவிட்டார்கள். பதில்களும் வரத் தொடங்கின. கோயம்புத்தூர் ஐயருக்கு இருக்கிற இடத்திலேயே நிலைத்திரு என்று வெளிப்பாடு. ஓசூர் ஐயர் தாம் இன்னும் தகுதி அடையவில்லை என்று தாழ்மையோடு எழுதினார். ஒருவர் இந்த அழைப்பை வருகிற ஜூன் வரை நிலுவையில் வைக்க முடியுமா என்றார். வேலூர்ப் பக்கத்து ஐயர் மட்டும், ஐப்பசியில் அங்கே தண்ணீர் எப்படி விழும் என்று விசாரித்திருந்தார். பதினான்கு பேரில் வருகிறவர் ஒருவரும் இல்லை.

கல்யாணத்துக்கு ஆறு நாள். பிச்சைமணி தங்கையா அண்ணாச்சி வீட்டுக்கே போனார், நானும் கூடப் போனேன். ஒருநாளைக்கு மட்டும் வெளியிலிருந்து ஓர் ஐயரை அழைத்துக்கொள்கிறேன் என்று கேட்டார்.

அண்ணாச்சி மிகவும் வருத்தப்பட்டார். அவர் நல்லவர்தான். ஆனால் புதிய ஐயரின் முதல் ஊழியம் என்று தீர்மானம் போட்டிருக்கிறது. அதை மாற்ற ஏழு பேரும் கூட வேண்டும். இரண்டு பேர் ஊரில் இல்லை. "மரியாதைக்காகச் செய்ததை நீரே மாற்றச் சொன்னால் எப்படி? கல்யாணத்தை மாப்பிள்ளையின் அடுத்த லீவுக்குத் தள்ளி வைக்கலாமே. கர்த்தருடைய வேளை நம்முடைய வேளை அல்ல" என்றார்.

சிவகிரியிலிருந்து அன்றைக்கே போன் வந்திருந்தது. ஐயரே இல்லாத கோயிலில் பெண்ணெடுக்கிறோமா, இந்த லீவில் நடக்காவிட்டால் வேறு இடம் பார்க்க வேண்டியதுதான் என்று மாப்பிள்ளையின் தாயார் சொல்லிவிட்டார். முத்துச்செல்வம் நல்ல பையன், ஆனால் தாயை மீறுகிற பையன் இல்லை. என்னோடு வீட்டுக்குத் திரும்பிய பிச்சைமணி ஒரு மூலையில் உட்கார்ந்துவிட்டார். அபி டியூட்டி முடிந்து வந்து அப்பாவைப் பார்த்தாள்.

"மூணு மாசமா அவிய எல்லாருக்கும் நீங்க குளிக்க இடம் காட்டுனிய. உங்களுக்கு ஒருத்தரு வந்து நிக்கணும்னா ஆளில்ல. என்னப்பா சபை இது?"

பிச்சைமணிக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கும் என்னவோ மாதிரி ஆகி, ஜெராக்ஸ் மெஷினை ஆஃப் பண்ணாமல் வந்துவிட்டேன் என்று பொய் சொல்லி வெளியே வந்தேன்.

மறுநாள் பிச்சைமணி வெளியூர் ஐயர் ஒருவருக்குப் போன் பண்ணினார். சொர்ணத்தின் சொந்த ஊர் திருவேங்கடம் பக்கம், கரிசல் காடு. மூன்று வருஷத்துக்கு முன் அவள் தாயார் இறந்தபோது அடக்கம் பண்ணிய ஐயர் ஏசுவடியான் என்பவர். அவர் நம்பர் சொர்ணத்திடம் இருந்தது. பிச்சைமணி என் கடையில் நின்றுதான் பேசினார்.

"ஐயா, மேலகரத்துலேருந்து கோயில்குட்டி பேசுதேன். வியாழக்கிழம எம் மகளுக்குக் கல்யாணம். எங்களுக்கு ஐயர் இல்ல. வருவியளா?"

"எத்தன மணிக்கு?"

"பத்தரைக்கு."

"வாரேன்."

அவ்வளவுதான். இதற்குள் முடிந்துவிடும் என்று பிச்சைமணி எதிர்பார்க்கவில்லை. போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றார். பிறகு என் பேனாவைக் கேட்டு வாங்கினார். பாக்கியிருந்த பத்திரிகைகளில் புள்ளி மேலேயே அருள்திரு ஏசுவடியான் என்று நூற்றுப்பத்துத் தடவை எழுதினார்.

வியாழக்கிழமை காலை எட்டேகாலுக்கு மனுஷர் வந்து இறங்கினார். ஒல்லியான ஆள், அறுபத்தொரு வயது. சங்கரன்கோவிலில் ஒரு பஸ், தென்காசியில் ஒரு பஸ் மாறி, அங்கியை மஞ்சப்பையில் சுருட்டிக் கொண்டு வந்திருந்தார். சொர்ணம் பழக்க தோஷத்தில் துண்டு ஒன்றை எடுத்து நீட்டினாள். எதுக்கும்மா, குளிச்சிட்டுத்தான் வந்தேன் என்றார். அங்கியை மட்டும் இஸ்திரி போட்டுக் கொடுக்கச் சொன்னார்.

கோயில் சாவி பிச்சைமணியிடம்தானே இருக்கிறது, கல்யாணம் நடந்தது. குழுவினர் முன்வரிசையில் இறுகிப்போய் உட்கார்ந்திருந்தார்கள். கோயில்குட்டி வீட்டுக் கல்யாணத்துக்கு வராமலும் இருக்க முடியாது, வந்து சிரிக்கவும் முடியாது. பிரசங்கம் பத்து நிமிஷம். தண்ணீரே வரவில்லை. புருஷன் பட்டாளத்திலும் பெண்டாட்டி ஆஸ்பத்திரியிலும் இருக்கப்போகிறார்கள், ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது போனில் சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொள்ளுங்கள் என்றார். மாப்பிள்ளையின் தாயார் முந்தானையால் கண்ணைத் துடைத்ததை நான் பாட்டுப் புஸ்தகத்துக்கு மேலாகப் பார்த்தேன். சாப்பாட்டுக்குப் பின்னால் ஐயர் சும்மா இருக்கவில்லை. படுக்கையில் கிடக்கிற ஆள் யாரும் உண்டா என்று விசாரித்து, பிச்சைமணி வண்டியில் ஏறி மூன்று வீட்டுக்குப் போய் ஜெபித்துவிட்டு வந்தார். மூன்று மாதத்தில் வந்த பதினைந்து பேரில் ஒருவருக்கும் எங்கள் சபையில் நோயாளி இருப்பது தெரியாது.

மூன்று மணிக்குக் குழு அவரைக் கோயிலின் பின்னறைக்கு அழைத்தது. தீர்மானம் இல்லாமல் வந்த ஐயரை விசாரிக்காமல் அனுப்பினால் முன்மாதிரி ஆகிவிடுமாம். தங்கையா அண்ணாச்சி மரியாதையாகத்தான் கேட்டார்.

"இந்தச் சபைக்கு வரவேண்டும் என்று தங்களுக்கு எவ்விதம் ஏவுதல் உண்டாயிற்று?"

"பிச்சைமணி போன் பண்ணுனாரு."

"அதற்கு முன்பு? தரிசனம், சொப்பனம், ஏதேனும்?"

"அதுக்கு முன்ன சாப்ட்டுட்டுத் தூங்கிட்டு இருந்தேன். சொப்பனம் ஒண்ணும் வரல."

மனோன்மணி டீச்சர் டின்னைத் திறந்து, உங்களுக்கும் ஓர் அட்டை எடுக்கட்டுமா ஐயா என்று ஆசையாகக் கேட்டார். அவர் சிரித்துக்கொண்டே, அதில் எது வந்தாலும் எனக்கு நாலு இருபதுக்குப் பஸ் அம்மா என்றார்.

பஸ் ஸ்டாப்புக்கு நானும் பிச்சைமணியும் கூடப் போனோம். அருவி பார்த்திருக்கிறீர்களா, அஞ்சு நிமிஷம்தான், தண்ணீர் இல்லாவிட்டாலும் பார்க்கலாம் என்று பிச்சைமணி சொன்னார். என் ஊரில் ஒரு கிழவி காலையிலிருந்து காத்திருக்கும், இன்னொருநாள் ஆகட்டும் என்றார் அவர். பஸ் வருகிற நேரத்தில் பிச்சைமணி சட்டென்று கேட்டுவிட்டார், எங்க சபைக்கே வந்திருவியளா ஐயா என்று.

"வரலாமே. அங்கன அடுத்த மாசம் சின்ன ஐயர் ஒருத்தரு பொறுப்பு எடுக்காரு. எனக்குப் பெறவு வேலையில்ல. கேட்டா வாரேன்."

பஸ் நகர்வதற்குள் பிச்சைமணி கோயிலைப் பார்த்து ஓடினார். நான் மூச்சு வாங்கப் பின்னாலே போனேன். குழு இன்னும் பின்னறையில்தான் இருந்தது. வேட்டியெல்லாம் தூசியாக வாசலில் நின்று, ஐயர் வருகிறேன் என்று சொல்லிவிட்டார், நாம் கேட்க வேண்டியதுதான் பாக்கி என்று சொன்னார். தங்கையா அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"பிச்சைமணி, இதில்தான் எனக்குச் சந்தேகம் வருகிறது. மோசேயைக் கர்த்தர் அழைத்தார். மோசே என்ன சொன்னார்? வேறு யாரையாவது அனுப்பும் என்றார். யோனா? கப்பல் ஏறி ஓடினார். அழைக்கப்பட்டவன் முதலில் மறுப்பான். அதுதான் அடையாளம். இவர் கேட்டவுடனே வருகிறேன் என்கிறார். சீசன் இல்லாத காலத்தில் வேறு வருகிறார். அங்கே என்ன பிரச்சினையோ? மாறாக, நாம் எழுதிய பதினான்கு பேரும் மறுத்திருக்கிறார்கள். ஆகையால் பதினான்கு பேரும் மெய்யாகவே அழைக்கப்பட்டவர்கள். ஜூன் வரை பொறுத்திருப்போம். வருவார்கள்."

ஜூனில் வருவார்கள் என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை.

பிச்சைமணி அந்த அறையில் உட்கார்ந்தது கிடையாது. அன்றைக்கும் நின்றுகொண்டேதான் பேசினார்.

"அண்ணாச்சி, எம் மக கல்யாணத்துக்கு நானும் சொர்ணமும் ரெண்டு மாசம் ஜெபிச்சோம். நீங்க பதினாலு பேரக் காட்டுனிய. நான் பதினாலு பேரையும் நம்புனேன். ஒருத்தரும் வரல. கூப்பிட்டதும் ஒரு மனுஷன் ரெண்டு பஸ்ஸு மாறி வந்து நின்னாரு. ஆண்டவரு எனக்குப் பதில் சொல்லிட்டாருன்னு நான் நினைக்கேன். வராதவியளத்தான் ஆண்டவரு அனுப்புனாருன்னு நீங்க சொல்லுதிய. எனக்கு அது வெளங்கல. நான் கோயில்குட்டி. மணி அடிச்சா ஆளு வரும்னு மட்டும்தான் எனக்குத் தெரியும்."

சொல்லிவிட்டுப் போய்ப் பந்தல் சேர்களை அடுக்க ஆரம்பித்தார். கோயில்குட்டி கருத்துரைத்தார், குழு செவிசாய்த்தது என்று எழுதிக்கொள்ளச் சொன்னார்கள். எழுதிக்கொண்டேன்.

ஆனால் ஜன்னலுக்கு வெளியே காப்பி குடித்துக்கொண்டே இதைக் கேட்டவர்கள் நாற்பது ஐம்பது பேர். இரண்டு நாளில் பேச்சு வீடு வீடாகப் போயிற்று. யாரும் கூட்டம் போடவில்லை. நீங்க வாரியளா, நாங்களும் வாரோம், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு நாலு வேன், இருபது பைக். புதுமாப்பிள்ளையும் அபியும் முன் வேனில். எட்டரை மணிக்குத் திருவேங்கடத்துக்கு அந்தப் பக்கம், பருத்திக் காட்டுக்கு நடுவில் இருக்கிற ஓட்டுக் கோயிலுக்குள் நாங்கள் அத்தனை பேரும் நுழைந்தபோது ஏசுவடியான் ஐயர் பயந்துபோய், யாருக்கும் எதுவும் ஆகிவிட்டதா என்று கேட்டார். ஒன்றும் ஆகவில்லை, உங்களைக் கேட்கத்தான் வந்தோம் என்றார் பிச்சைமணி. கேட்டார். அவர் வருகிறேன் என்றார். அந்த ஊர்க்காரர்கள் சிலர் அழுதார்கள். ஒரு கிழவி எங்களைத் திட்டினாள், நியாயம்தான்.

இரண்டாவது பாட்டு பாடும்போது என் போன் அடித்தது. வெளியே வந்து எடுத்தேன். தங்கையா அண்ணாச்சி.

மணி ஏன் அடிக்கவில்லை, கோயிலில் ஒருவரையும் காணோம், டீச்சரைக்கூடக் காணோம் என்றார். டீச்சர் இரண்டாவது வேனில், சொர்ணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்திருந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். இது யாருடைய தீர்மானம் என்று கேட்டார். பின்னாலே வந்து நின்ற பிச்சைமணியிடம் போனைக் கொடுத்தேன்.

"தீர்மானம்லாம் ஒண்ணும் போடல அண்ணாச்சி. எல்லாரும் வந்துட்டோம். ஐயரும் சரின்னுட்டாவ."

நானும் போனில் காதை ஒட்டிக்கொண்டேன். இத்தனை வருஷமாகத் தீர்மானத்திலேயே பேசிக்கொண்டிருந்த மனுஷர், ஊர்ப் பேச்சில் கேட்டார்.

"என்னைய ஏன் வே ஒருத்தரும் கூப்பிடல?"

பிச்சைமணிக்கு முகம் வாடிவிட்டது. அவருக்கு மனசு தாங்காது.

"தப்புதான் அண்ணாச்சி. இப்பக் கூப்பிடுதேன், வாங்க."

மறுபேச்சில்லாமல் கிளம்பி, காரை எடுத்துக்கொண்டு, பத்தே முக்காலுக்கு வந்து சேர்ந்தார். நாங்கள் சாப்பிட உட்கார்ந்திருந்தோம்.